பிசிறு தெரியாதவனுக்குப் பத்துக் கல்லு

வா பேராண்டி, இப்படி வேப்பமர நிழல்ல உக்காரு. கத்தியும் கல்லுமா ஒரு பெட்டி வரவழைச்சிருக்கியாமே? நீ மறைச்சாலும் கூரியர்க்காரப் பய எரியோடு பூரா வழி கேட்டுக்கிட்டே வந்ததுல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. தெற, பாப்போம். யாத்தாடி! வேட்டைக்கத்தி ஒண்ணு, மடக்குக்கத்தி ரெண்டு. தீட்டுற கல்லு மட்டும் 400, 1000, 3000, 6000, 8000. அது போக ஒரு வைரத்தகடு, கத்தியைச் சொருகி இழுக்கிற டப்பா ஒண்ணு. கல்யாணப் பேச்சே எடுக்காம ஏழு தொட்டில் வாங்கிப் போட்டவனை இன்னைக்குத்தான்டா கண்ணால பாக்குறேன்.

மூஞ்சியைத் தூக்காத. ஒன் தாத்தன் மில்லுல ஃபிட்டரா இருந்தவன். அரமும் சாணையும் புடிச்ச கை இது. கேலி கலக்காம எனக்குப் புத்தி சொல்ல வராது, அம்புட்டுதான்.

மொதல்ல இந்த வேட்டைக்கத்தி. என்னத்த ராசா வேட்டையாடப் போற? 1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அப்பவும் கொஞ்ச நஞ்சம் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்துச்சு, 1991-ல திருத்துனப்ப அதுவும் போச்சு. இன்னைக்கு முயலுக்குக் கண்ணி வெச்சாலும் கேசுதான். மயிலு வந்து தக்காளியைக் கொத்துனாக்கூடக் கையைத் தட்டி வெரட்டலாம், அதோட நிப்பாட்டிக்கணும். ஆக, பட்டாளத்துக்காரன் படம் போட்ட இந்தக் கத்தியை வெச்சு நீ சட்டப்படி அறுக்க முடிஞ்சது கயிறு, கொய்யாப்பழம், அப்பறம் அடுத்த கூரியர்ப் பெட்டி.

நீளத்தையும் அளந்துக்க. வீட்டு வேலைக்கு, வெவசாயத்துக்கு, தொழிலுக்குன்னு செஞ்சதா இல்லாம, அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமாவோ 2 அங்குலத்துக்கு மேல அகலமாவோ இருந்தா அதை ஆயுதக் கணக்குல சேத்துருவாங்க. ஒன்னுது நாலங்குலம், பொழைச்ச. அதுக்காக இடுப்புல சொருகிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி நிக்காத. 2021-ல ரவுடிகளைத் தேடுனப்ப, அருவா அடிக்கிற பட்டறைக்காரங்களையே போலீசு கூப்பிட்டு, வாங்குறவன் பேரு வெலாசத்தை எழுதி வை, கேமரா மாட்டுன்னு சொல்லிப்புட்டாங்க. அருவாளைத் தைரியமாத் தூக்கிக்கிட்டு ரோட்டோரம் நிக்கிறதுக்கு நம்ம பக்கத்துல கருப்பணசாமிக்கு மட்டுந்தான் அனுமதி. அவரு அருவாளையும் யாரும் தீட்டுறதில்ல, பாத்த ஒடனே வேலை முடிஞ்சுருது.

வேட்டைக்கத்தி செய்யுற வேலையை நேர்ல பாக்கணும்னா காட்டுக்குப் போகாத, கறிக்கடைக்குப் போ. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில வாங்குன ஆடு அங்கதான் தொங்கும். தோலை உரிக்கிறப்ப கவனிச்சுப் பாரு. மொனையால கீறுறது ஆரம்பத்துல மட்டுந்தான். மிச்சத்தையெல்லாம் கத்தியோட வளைஞ்ச வயித்துப் பக்கத்தை வெச்சுத் தள்ளித் தள்ளி எடுப்பாரு. ஏன்? தோல்ல ஒரு கீறல் விழுந்தா வெலை எறங்கும். திண்டுக்கல்லுல தோல் ஷாப்புக்காரன் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தே கண்டுபுடிச்சுருவான். கறிக்கடைக்காரருகிட்ட எத்தனை கல்லு இருக்குன்னு எட்டிப் பாரு. நடுவுல தேஞ்சு போன கல்லு ஒண்ணு, பக்கத்துல இரும்புக் கம்பி ஒண்ணு. அந்தக் கம்பி தீட்டுறதுக்கு இல்லடா. வெட்ட வெட்ட விளிம்பு ஒரு பக்கமாச் சாயும், அதை நிமித்தி விடுறதுக்குத்தான் அடிக்கடி கம்பியில ரெண்டு இழுப்பு. நிமித்தியும் வெட்டலேன்னாத்தான் கல்லுக்குப் போவாரு. நீயோ பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே புதுக்கத்தியைப் பாதியாக் கரைச்சுட்டு நிக்கிற.

இந்தா, அம்மாயி அருவாமனை அங்க மூலையில கெடக்கு பாரு, அதை இப்படி எடுத்துட்டு வா. வேற ஒண்ணுமில்ல, சும்மாதான். கையில ஒரு வேலை இருந்தா சொல்றது காதுல ஏறும்.

கத்தியைக் கெடுக்கிறதுல நம்ம ஊருல நாலு பள்ளிக்கூடம் உண்டு. நீ எதுல படிக்கிறன்னு நீயே சொல்லு.

மொதப் பள்ளிக்கூடம், வாசப்படி. மனுசன் செருப்பை விட்ட எடத்துல உக்காந்து கத்தியைக் கருங்கல்லுல இழுத்து இழுத்துத் தேய்ப்பான். கருங்கல்லு ஒரே பொருளாலான கல்லு இல்ல. வெள்ளாங்கல் மணி இருக்கும், அது எஃகை விடக் கடினம். பக்கத்துலயே அப்ரகம் இருக்கும், அது நகத்துல உரிஞ்சு வரும். மேடு பள்ளமா, கரடும் மெதுவுமா இருக்கிற கல்லுல தேய்ச்சா ஒரு எடம் பல்லு விழும், ஒரு எடம் வழுக்கும். தீட்டுற கல்லு வாங்கக் காசு இல்லாத காலத்துல செஞ்ச வேலை அது.

ரெண்டாவது, வெல்டிங் பட்டறை. மோட்டார்ல சுத்துற சாணைச் சக்கரத்துல கத்தியை வெச்சா தீபாவளி மாதிரிப் பொறி பறக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா விளிம்பு நீலமா மாறுச்சுன்னா சூடு 300 டிகிரி கிட்டப் போயிருச்சுன்னு அர்த்தம். கொல்லன் பழுக்கக் காய்ச்சி, முக்கி எடுத்து ஏத்துன டெம்பரை ரெண்டு நிமிசத்துல எறக்கிட்டாங்க. அப்பறம் அந்த விளிம்பை எவ்வளவு தீட்டுனாலும் நிக்காது, நீலம் பட்ட அளவுக்குத் தேய்ச்சுத் தள்ளணும். இதோட சைக்கிள்ல வர்ற சாணைக்காரரைச் சேத்துப் பேசாத. அவரு காலால மிதிக்கிற சக்கரம் மெதுவாச் சுத்தும், அதிகமாச் சுடாது. நல்ல ஆளா இருந்தா நடுநடுவுல தண்ணியில முக்குவாரு. அவரு கிட்ட பேரம் பேசி அஞ்சு ரூவா கொறைக்கிற கைதான் ஏழு கல்லுக்கு ஆன்லைன்ல பணம் கட்டிருக்கு.

மூணாவது, இந்த டப்பா. உள்ளார ரெண்டு கெட்டித் தகடு குறுக்கால நிக்கும், நடுவுல கத்தியை இழுத்தா இரும்பைச் சுருள் சுருளாச் சீவும். அவசரத்துக்கு ஆகும். ஆனா விளிம்பு கிழிஞ்ச மாதிரிதான் இருக்கும், கத்தியும் சீக்கிரமே குச்சி ஆயிரும். இதை அம்மாயிக்குக் குடுத்துராத. அவளுக்குப் புடிச்சுப் போச்சுன்னா வீட்டுல ஒரு கத்தி மிஞ்சாது.

நாலாவது, ஒன் பள்ளிக்கூடம். போன்ல பாத்துட்டு இந்தப் பக்கம் இருவது, அந்தப் பக்கம் இருவதுன்னு எண்ணித் தேய்க்கிறது. கத்திக்குக் கணக்குத் தெரியுமாடா? மொக்கை எவ்வளவு, எஃகு எவ்வளவு கெட்டி, நீ எவ்வளவு அழுத்துற, இதெல்லாம் ஆளுக்கு ஆளு மாறும். எண்ணித் தேய்க்கிறவன் ஒண்ணு பத்தாமத் தேய்ப்பான், இல்லாட்டி அளவுக்கு மிஞ்சித் தேய்ப்பான்.

அப்ப எதை வெச்சு நிறுத்துறது? பிசிறை வெச்சு. இதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் ஒன்னைக் கிண்டினேன்.

கூருன்னா ரெண்டு சரிவு ஒரே கோட்டுல வந்து முட்டுறது. மொக்கையான கத்தியில அந்தக் கோடு உருண்டு போயிருக்கும். ஒரு பக்கத்தையே தேய்ச்சுக்கிட்டுப் போனா, கல்லு அந்தக் கோட்டை எட்டுன நிமிசத்துல இரும்பு மெல்லிசா எழும்பி மறுபக்கமா மடிஞ்சு நிக்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கத்தி முதுகுல இருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போற மாதிரி விரலைக் குறுக்கால வருடு, நெருடும். நீளவாக்குல வருடாத, அப்பறம் பிசிறுக்குப் பதிலா விரலைத் தேடுவ. புடியடியில இருந்து மொனை வரைக்கும் பிசிறு ஒரே சீரா வந்துருச்சா? அந்தப் பக்கம் முடிஞ்சது. எங்கயாச்சும் விட்டுப் போச்சுன்னா அங்க இன்னும் மொக்கைதான், அந்த எடத்தை மட்டும் தேய். பெரும்பாலும் மொனை கிட்டத்தான் விட்டுப் போகும். அங்க வளையுறப்ப கைப்புடியை லேசாத் தூக்கணும், எல்லாரும் மறந்துருவாங்க.

அப்பறம் கத்தியைத் திருப்பு. மறுபக்கம் தேய்ச்சா பிசிறு இந்தப் பக்கம் வந்து நிக்கும். வந்ததும் மெல்லிசுக் கல்லுக்கு மாறு, அழுத்தத்தைப் பாதியாக் கொறை. கடைசியில பக்கத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி, கத்தியோட சொந்த எடை மட்டும் விழற மாதிரி இழு. பிசிறு சுருங்கிச் சுருங்கி அத்துப் போகும். இதை எடுக்காம விட்டா என்ன ஆகும் தெரியுமா? மொதத் தக்காளியில கத்தி சீறும், நீயும் போட்டோ எடுத்துப் போட்டுக்குவ. அஞ்சாவது தக்காளியில பிசிறு மடிஞ்சு கத்தி மறுபடி மொக்கை. ஒடனே கல்லு சரியில்லன்னு எட்டாவது கல்லு வாங்கப் போவ.

கோணத்துக்கு ஒரு கம்பி மாட்டுற சாதனம் பாத்து வெச்சுருக்கேன்னியே, இப்போதைக்கு அதுவும் வேணாம். கத்தியோட அகலத்தைப் பாரு. அந்த அகலத்துல மூணுல ஒரு பங்கு ஒசரத்துக்கு முதுகைக் கல்லுல இருந்து தூக்கிப் புடிச்சா ஏறக்கொறைய 20 டிகிரி. நாலுல ஒரு பங்கு தூக்குனா 15. சந்தேகமா இருந்தா சரிவு மேல ஸ்கெட்ச் பேனாவால மை பூசிட்டு ரெண்டு இழுப்பு இழுத்துப் பாரு. விளிம்புல மை அழியாம நிக்குதா, முதுகைப் பத்தாமத் தூக்கிருக்க. விளிம்புல மட்டும் அழிஞ்சு மேல நிக்குதா, அதிகமாத் தூக்கிருக்க. முழுசா அழியுற வரைக்கும் கையைத் திருத்து. மை பொய் சொல்லாது. ஒன் மாமனை மாதிரி ‘நல்லாத்தான் புடிக்கிறேன்’னு வாயால சாதிக்கவும் சாதிக்காது.

அருவாமனையைத் தலைகீழாப் புடிச்சிருக்க பாரு. கட்டையைக் காலுக்கு அடியில அமுக்கிக்க. அலகை அசைக்க முடியாதுல்ல, அதனால கல்லை எடுத்து அலகுகிட்டக் கொண்டு போகணும். ஈரத்துணியில கல்லைச் சுத்திப் புடி, விரலு ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. ம், அப்படித்தான். தேய், தேய், நான் பேசிக்கிட்டே இருக்கேன்.

எந்தக் கத்திக்கு எந்தக் கூருன்னு இருக்கு. சீமைக்கருவேலங் கெளை வெட்டுற அருவாளைப் பக்கத்துக்கு 25, 30 டிகிரி வரைக்கும் தடிப்பா வைக்கணும். 15-ல மெல்லிசா வெச்சா மொத வெட்டுலயே பல்லு விழும். அந்த அருவா பெரும்பாலும் லாரி வில்லுப்பட்டையில அடிச்சது, நல்ல எஃகு, ஆனா முரட்டு வேலைக்குப் பொறந்தது. மடக்குக்கத்திக்கும் ஒன் வேட்டைக்கத்திக்கும் 20 போதும். சமையக்கட்டு மெல்லிசுக் கத்திக்கு 15-ல இருந்து 20.

இன்னொரு சூட்சுமம். வழுவழுன்னு கண்ணாடியாத் தீட்டுனாத்தான் கூருன்னு நெனைக்காத. தக்காளித்தோலு, தேங்கா நாரு, கயிறு, கறி, இதெல்லாம் இழுத்து அறுக்கிற வேலை. 1000 கல்லோட நிறுத்துன விளிம்புல கண்ணுக்குத் தெரியாத சின்னப் பல்லு இருக்கும், அது கவ்விப் புடிச்சு அறுக்கும். 8000 வரைக்கும் போயி மெருகு ஏத்துனது தாடி மழிக்க, மரத்தைச் செதுக்க, அதாவது தள்ளி வெட்டுற வேலைக்கு. ஒனக்குத் தாடியே இன்னும் சரியா மொளைக்கல, 8000-க்கு என்ன அவசரம்?

கல்லுக்கு வருவோம். சின்னக் கல்லு, பெரிய கல்லுன்னு நம்பரைப் பாத்து மெரளாத. நம்பர் கூடக் கூட மணி பொடிசாகும், அவ்வளவுதான். நம்மாளுகளுக்கு இது புதுசு இல்ல. கொங்குப் பக்கம் குருந்தக்கல்லு கெடைக்கும், வைரத்துக்கு அடுத்த கடினம். அதைப் பொடி பண்ணி அரக்கோட சேத்து உருக்கிச் சாணை வட்டு செஞ்சவங்க நம்ம ஊருக் கைவினைக்காரங்க. நொய்யல் கரைக் கொடுமணல்ல தோண்டுனப்ப எஃகு உருக்குன தடயமும் கெடைச்சுது, கல்மணி வேலை நடந்த தடயமும் கெடைச்சுது. கத்தியும் தெரியும், தேய்க்கிற கல்லும் தெரியும் அவங்களுக்கு.

அப்பறம் 1891-ல அமெரிக்காவுல அச்சிசன்னு ஒருத்தர் செயற்கை வைரம் செய்யப் போறேன்னு களிமண்ணையும் கரியையும் மின்சார அடுப்புல போட்டாரு. வைரம் வரல, கார்போரண்டம் வந்துச்சு. 1954-ல நம்ம முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோட சேந்து மெட்ராசுல கார்போரண்டம் யுனிவர்சல் ஆரம்பிச்சுது. அன்னையில இருந்து கெட்டித் தேய்ப்புக்கல்லுக்கு நம்ம ஊரு ஹார்டுவேர் கடையே போதும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மெல்லிசுன்னு ரெட்டைக் கல்லு ஒண்ணு வாங்குனா, எரியோட்டுல இருக்கிற எல்லாக் கத்தியையும் தீட்டலாம். ஒரேயொரு நிபந்தனை: தண்ணி ஊத்துனா கடைசி வரைக்கும் தண்ணி, எண்ணெய் ஊத்துனா கடைசி வரைக்கும் எண்ணெய். எண்ணெய் குடிச்ச கல்லு அப்பறம் தண்ணியைச் சேக்காது. உன் ஜப்பான் கல்லுக்கெல்லாம் தண்ணிதான், தப்பித் தவறித் தேங்காயெண்ணெயைக் காட்டிராத.

காசு செலவழிக்காமப் பழகணும்னா உப்புத்தாள் வாங்கு. தண்ணியில நனைக்கிற கறுப்புத் தாளு, 400, 1000, 2000. ஒரு கண்ணாடித் துண்டு மேல விரிச்சு ஒட்டு, கத்தியை முதுகுப் பக்கமா மட்டும் இழு. விளிம்பை முன்னாடித் தள்ளுனா தாளு கிழியும். சில்லறைக் காசுல பிசிறு தட்டுப்படுறதைப் படிச்சுக்கலாம். படிச்சு முடிச்சவனுக்கு எந்தக் கல்லும் நல்ல கல்லுதான்.

வைரத்தகடை மட்டும் தூக்கிப் போட்டுராத. அது குழி விழாது. மத்த கல்லெல்லாம் நடுவுல தேஞ்சு குழியாகும், குழிக்கல்லுல கோணம் நிக்காது. கல்லு மேல பென்சிலால கட்டம் போட்டு, தண்ணி ஊத்தி, வைரத்தகடை வெச்சுத் தேய். கோடெல்லாம் அழிஞ்சா மட்டம். புதுசுல கரடா இருக்கும், அழுத்தாத, அழுத்துனா வைர மணி பேந்துரும்.

கடைசிக்குத் தோல். திண்டுக்கல் மாவட்டத்துக்காரன் தோல் பட்டைக்கு ஆன்லைன் பாத்தா வெக்கக்கேடு. பழைய பெல்ட்டைப் பலகையில ஆணி அடி, பச்சை மெருகுப் பசை கெடைச்சா தடவு, இல்லாட்டிச் சும்மாவே ஆகும். முதுகு முன்னாடி போகணும், விளிம்பு பின்னாடி வரணும். பக்கத்துக்குப் பத்துப் பாஞ்சு இழுப்பு, மிச்சப் பிசிறும் போயிரும். நாவிதரு சவரக்கத்தியை வாருல ஏன் இழுத்தாருன்னு இப்பப் புரியுதா? அழகுக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருப்ப.

கூர் பாக்கிறதுக்கு தீட்டின மரத்துலயே பதம் பாக்காதம்பாங்க. நீ என் முழங்கை மசுரைப் பாக்குற, அது நடக்காது. கத்தியை விளிம்பு மேல பாக்க வெச்சு வெயில்ல புடி. விளிம்புல வெள்ளையா மினுக்குற எடமெல்லாம் மொக்கை, நல்ல கூரு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. அடுத்தது, செய்தித்தாளை அந்தரத்துல புடிச்சு அறு. எங்க சிக்குதோ அங்க பல்லு விழுந்திருக்குன்னு அர்த்தம். அதுலயும் தேறுனா நல்லாப் பழுத்த தக்காளி ஒண்ணை வெச்சு, அமுக்காம, வெறும் இழுப்புல தோல் திறக்குதான்னு பாரு.

எங்க, அந்த அருவாமனையைக் குடு. குறுக்கால வருடுறேன், பயப்படாத. ம்... நடுவுல வந்துருச்சு, ஓரத்துல இன்னும் வரல. மூக்குக் கிட்ட இன்னும் கொஞ்சம் தேய். அட, கை பழகிருச்சே! எனக்குத் தெரியும், ஒனக்குள்ள ஒரு தொழில்காரன் ஒளிஞ்சிருக்கான்னு நேத்தே தெருவுல சொல்லிட்டேன். எங்க பேரன் வைரத்தகடு, ஜப்பான் கல்லெல்லாம் வெச்சு ஓசியில தீட்டித் தர்றான்னு. அதான் வாசல்ல அம்மாயிமாரெல்லாம் ஆளுக்கொரு அருவாமனையோட வரிசையில நிக்கிறாங்க. பின்னாடி நிக்கிறவரு கறிக்கடைக்காரரு மாதிரி தெரியுது. அவரு சும்மா வேடிக்கை பாக்க வந்திருப்பாரு. அவரு முன்னாடி மட்டும் எண்ணித் தேய்ச்சுராத, மானம் போயிரும்.